கால் பாடம்

புல்லட்டின் பின் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ராசாங்கம், கிளாஸைக்கூடக் கீழே வைக்காமல் குதித்து இறங்கி ரோட்டுக்கு ஓடினான். அவன் குதித்த வேகத்தில் வண்டி ஸ்டாண்டிலேயே ஒரு ஆட்டம் ஆடியது. வைரக்கண்ணு ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்து, "ஏன்டா, என் வண்டி என்ன குட்டிச்சுவரா?" என்று கத்தினார். கேட்க ஆள் இல்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் அந்த டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கூடும் ஏழெட்டு மோட்டார் சைக்கிள் பைத்தியங்களும் பெஞ்சைக் காலி செய்துவிட்டு, ரோட்டோரம் வந்து நின்ற ஒரு சிவப்பு வண்டியை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். டீ மாஸ்டர்கூட பாலை ஆற்றிய கையோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் மிச்சம் இருந்தது வைரக்கண்ணுவும் அவருடைய புல்லட்டும்தான்.

வந்திறங்கியவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். அய்யம்பெருமாள். வேறு யாராவதாக இருந்திருக்கக் கூடாதா? வைரக்கண்ணுவின் சொந்தச் சகலை அவன். பெண்டாட்டி செங்கமலத்தின் தங்கை வேம்புவைக் கட்டியவன். அரியலூரில் சிமெண்ட் ஃபேக்டரியில் வேலை. வயது முப்பது. தலை நிறைய முடி. அந்த வண்டி ஊருக்குள் வந்து நிற்கிறது என்பதே பெரிய விஷயம், அது சகலை வீட்டு வண்டியாக வந்து நிற்கிறதே என்பதுதான் வைரக்கண்ணுவுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

எண்பத்து நாலாம் வருஷத்துத் தை மாதம் அது. ஆறு மாதமாகவே பேப்பரில் அந்த வண்டியின் விளம்பரம் வந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் கைவைத்தது, இரண்டு சிலிண்டர், இரண்டு சைலன்சர், ஆறு கியர் என்று டீக்கடையில் அதே பேச்சு. ஒவ்வொரு முறையும் வைரக்கண்ணு, "அது தகர டப்பாடா, நம்ம ரோட்டுக்கு ஒரு வாரம் தாங்காது" என்று அடித்துப் பேசி வாயை மூடவைப்பார். ஆனால் விளம்பரம் வந்த முதல் நாளே அந்தப் பேப்பரைக் கத்தரித்து பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் அவர் வைத்திருப்பது செங்கமலத்துக்குக்கூடத் தெரியாது. கிணற்று வேலையில் பாறை துளைக்கும் கம்ப்ரசர் ஏர் போடும் இடைவெளியில், பாறையில் உட்கார்ந்தபடி, அந்தப் படத்தைக் கண்ணுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். அவர் மனசுக்குள் வாங்கிவிட்ட வண்டியை இவன் கடையில் வாங்கிவிட்டான்.

"ரெண்டு மீட்டரு வச்சிருக்கான் பாரு. ஒன்னு ஸ்பீடு காட்டும், இன்னொன்னு எதுக்கு?" என்றான் ராசாங்கம். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன், அவனிடம் ஒரு பழைய யெஸ்டி பைக் இருந்தது.

"நீ எத்தனை டீ குடிச்சேன்னு காட்டும்" என்றார் வைரக்கண்ணு, நெருங்கி வந்தபடி. யாரும் சிரிக்கவில்லை.

"எஞ்சினு நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு காட்டும்" என்றார் ஹபிபுல்லா. லப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயில் இருந்து லீவில் வந்திருந்தார். அந்தக் கும்பலில் வண்டி விஷயத்தில் அவர் சொன்னால் அப்பீல் கிடையாது. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து சிலிண்டரின் இடுக்கில் விரல் விட்டுப் பார்த்தார், சைலன்சர் வாயை மோந்து பார்த்தார், எழுந்து டேங்கின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். "மாஷா அல்லாஹ். தம்பி, அங்க அரபிப் பசங்க வச்சிருக்கிறதப் பார்த்து எச்சி முழுங்கிருக்கேன். நம்ம பெரம்பலூரு மண்ணுல இதத் தொடுவேன்னு நெனைக்கலே." அப்புறம் அவர் திரும்பி ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள். "வைரம், இனிமே உம்ம புல்லட்டு தாத்தா வண்டிதான்."

கும்பல் கொல்லென்று சிரித்தது. அய்யம்பெருமாள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்க பாய். அண்ணனோட புல்லட்டைப் பார்த்துதான் எனக்கு வண்டி ஆசையே வந்துச்சு" என்றான். அவன் நல்லவனாக இருப்பதுதான் வைரக்கண்ணுவுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. கர்வம் பிடித்தவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆற்றிக்கொள்ளலாம்.

ஊரில் வைரக்கண்ணு என்ற பெயரில் இன்னும் மூன்று பேர் உண்டு. 'புல்லட்டு' என்றால் இவர் ஒருவர்தான். வேப்பந்தட்டை, அரும்பாவூர் பக்கத்துக் கரட்டு நிலங்களில் பாறையில் துளை போட்டு வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்துகிற தொழில் அவருக்கு. அவருடைய அப்பா அதே கிணறுகளில் கூலிக்குக் கல் சுமந்தவர், பெரிய வீட்டுத் தெருக்களில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர். மகன் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த புல்லட்டில், காலில் ஷூவோடு, அதே தெருவில் முதல்முதலாகப் போன அன்று இரண்டு பக்கமும் கதவு திறந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஒரு வீட்டிலிருந்து, "புல்லட்டு, கொஞ்சம் நில்லுப்பா, நம்ம கெணத்தையும் வந்து பாரு" என்று குரல் வந்தது. பதினோரு வருஷமாக அந்தப் பெயரை உடுத்திக்கொண்டுதான் அவர் வெளியே வருகிறார். அதை ஒரு துபாய்க்காரர் டீக்கடை வாசலில் தாத்தா என்று சொல்லிவிட்டார், கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

அய்யம்பெருமாள் வேம்புவை அக்காள் வீட்டில் இறக்கிவிட்டுத்தான் டீக்கடைக்கு வந்திருந்தான். அன்றைக்குத் தா.பழூரில் மாமியார் குஞ்சம்மாள் வீட்டில் விசேஷம். கடைக்குட்டி மச்சினன் அரியமுத்துவுக்குப் பரிசம் போடப் போகிறார்கள். அக்காவையும் மாமாவையும் கையோடு அழைத்துக்கொண்டு இரண்டு வண்டியாகப் போகலாம் என்று வந்திருந்தார்கள். அரியலூரிலிருந்து மேற்கே முப்பது கிலோமீட்டர் வந்து, மறுபடி அதே வழியில் கிழக்கே போவானேன்? வண்டியைக் காட்டத்தான். வைரக்கண்ணு அப்படித்தான் நினைத்தார், அது முழுக்கத் தப்பும் இல்லை.

வீட்டில் அதைவிட மோசமாக இருந்தது. செங்கமலம் முந்தானையால் சிவப்பு டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷத்தில் புல்லட்டின் டேங்கை அவள் ஒரு தடவை துடைத்து அவர் பார்த்ததில்லை. "அம்மா போன வாரம் இந்த வண்டிக்கு ஆரத்தி எடுத்துச்சாம்ங்க. தெருவே கூடிப்போச்சாம்" என்றாள். புல்லட்டை முதல்முதல் தா.பழூருக்குக் கொண்டுபோனபோது மாமியார், 'ஏலத்து வண்டிதானே' என்று எட்டிக்கூடப் பார்க்காமல் நெல் புடைத்துக்கொண்டிருந்தது வைரக்கண்ணுவுக்கு நினைவு வந்தது.

இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கை கழுவிவிட்டு வெளியே வந்தால், இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ராசாங்கமும் ஹபிபுல்லாவும் வாசலில் நின்றிருந்தார்கள். அய்யம்பெருமாள் சாவியை நீட்டினான்.

"அண்ணே, தா.பழூரு வரைக்கும் நீங்க இத ஓட்டுங்க. நான் உங்க புல்லட்டுல வர்றேன். ரொம்ப நாளு ஆசைண்ணே."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கை தானாகச் சாவியை வாங்கிக்கொண்டது. மானங்கெட்ட கை.

அய்யம்பெருமாள் பக்கத்தில் வந்து குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னான். "அண்ணே, இதுல எல்லாம் மாத்தி இருக்கும். புல்லட்டுல உங்களுக்கு வலது காலு கியரு, இடது காலு பிரேக்கு. இதுல கியரு இடது காலு. பிரேக்கு வலது காலு. மறந்துடாதீங்கண்ணே, பிரேக்கு வலது காலு. அண்ணி, பின்னாடி உக்காந்து நீங்களும் ஞாபகப்படுத்துங்க. வலது காலு."

"தெரியும் தம்பி" என்றார் வைரக்கண்ணு.

"ஒரு தடவை மிதிச்சுப் பாருங்கண்ணே."

"நீங்க அரைக்கால் டவுசரு போட்டிருக்கும்போதே நான் வண்டி ஓட்டுனவன் தம்பி."

ஆனாலும் மிதித்துப் பார்த்தார். நாலு பேர் முன்னால் பாடம் கேட்டுக்கொண்டு நின்றது முகத்தைச் சுண்டவைத்தது. அதிலும் வண்டி விஷயத்தில். அதிலும் கால் விஷயத்தில்.

ஏனென்றால் அந்தப் பாடமே அவருடையது. புல்லட்டை யார் கேட்டாலும் கொடுப்பார், ஆனால் கால் பாடம் படிக்காமல் கொடுக்க மாட்டார். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கேட்டவனை மேலே உட்காரவைத்து, வேறு ஏதாவது பேச்சுக் கொடுப்பார். மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா என்று. அவன் அசந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது திடீரென்று "பிரேக்கு!" என்று காதுக்குள் கத்துவார். பதறி வலது காலை மிதித்தானென்றால் முதலிலிருந்து ஆரம்பம். இருபது தடவை தொடர்ந்து இடது கால் தானாகப் போக வேண்டும். அப்புறம்தான் சாவி. ஹபிபுல்லாவே போன லீவில் அரை மணி நேரம் வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து தேறியவர். அது விளையாட்டும் இல்லை. புல்லட் வாங்கின புதிதில், வேறு வண்டி ஓட்டிப் பழகின காலோடு, அரும்பாவூர் இறக்கத்தில் மாட்டு வண்டி குறுக்கே வந்தபோது வைரக்கண்ணு வலது காலை மிதித்தார். மேல் கியரில் போகும்போது அந்த லீவரை மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி அப்படியே நிற்கும், ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாததுதான் பயங்கரம். இன்னும் ஓங்கி மிதிப்போம், இன்னும் ஒன்றும் ஆகாது. அன்றைக்குச் சப்பாத்திக்கள்ளிப் புதர் இருந்ததால் முழங்கையோடு போயிற்று. நிதானமாக நிறுத்தும்போது கால் சரியாகத்தான் போகும், பதறும்போதுதான் பழக்கம் முந்திக்கொள்ளும் என்பதை அந்த முழங்கை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. முன் பிரேக்கும் அந்த வண்டியில் பேருக்குத்தான். கேபிள் போய் ஒரு வருஷம் ஆகிறது. இடது கால் இருக்கும்போது அது எதற்கு என்று விட்டுவிட்டார்.

அய்யம்பெருமாள் புல்லட்டில் ஏறி உட்கார்ந்தான். அவர் கியரை மட்டும் காட்டினார். மேலே ஒன்று, கீழே மூன்று. எஞ்சின் அழுத்தத்தைத் தளர்த்தும் டீகம்ப்ரசரை அமுக்கி, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வந்ததும் உதைக்கச் சொன்னார். முதல் உதையிலேயே வண்டி எடுத்துக்கொண்டது. அதுவும் பொறுக்கவில்லை. அவருக்கே சில நாள் மூன்று உதை வாங்கும் வண்டி, இவனுக்கு ஒரே உதையில் குழைகிறது.

"என்ன வைரம், இவருக்குக் கால் பாடம் கெடையாதா? எனக்கு மட்டும்தானா?" என்றார் ஹபிபுல்லா.

"அது என்னண்ணே கால் பாடம்?" என்று கேட்டான் அய்யம்பெருமாள், சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி.

சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்ல இரண்டு நிமிஷம் ஆகும். வைரக்கண்ணு அவன் முகத்தைப் பார்த்தார், அப்புறம் சிவப்பு டேங்கில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தார். இவன் விழ வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. கொஞ்சம் தடுமாறட்டும். பேரளி கடைவீதியில் நாலு பேர் பார்க்க ஒரு தரம் வண்டி ஆஃப் ஆகட்டும். புல்லட்டு எல்லாருக்கும் படியாது என்று இவனுக்கும் தெரியட்டும். அவ்வளவுதான் ஆசைப்பட்டார்.

"சும்மா வெளையாட்டு தம்பி" என்றார். ஹபிபுல்லா பக்கம் திரும்பி, "ஃபேக்டரியில மலை மாதிரி மிஷினெல்லாம் ஓட்டுறவரு பாய். அவருக்குப் போயி நான் பாடம் எடுக்கறதா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அய்யம்பெருமாள் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டான். வேம்பு பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு புல்லட்டின் பின்னால் ஏறினாள். "மாமா வண்டியில உக்காந்து எத்தினி வருஷம் ஆச்சு" என்று சீட்டைத் தட்டிக் கொடுத்தாள். பத்தாவது பரீட்சைக்கு ஏழு நாளும் அவளை அந்த சீட்டில் வைத்து, தா.பழூரிலிருந்து ஜெயங்கொண்டத்துக்குக் கொண்டுபோய்விட்டது வைரக்கண்ணுதான். அது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. வந்தும் அவர் சிவப்பு வண்டியின் கிக்கரை உதைத்தார்.

வண்டியைப் பற்றி என்ன சொல்ல? கவுல்பாளையம் தாண்டியதும் ரோடு காலியாக நீண்டது. கியரை மாற்ற மாற்ற அது ஒவ்வொரு தடவையும் அவரைப் பின்னாலிருந்து யாரோ பிடித்துத் தள்ளுவது போல முன்னால் எறிந்தது. நாலுக்கு அப்புறமும் ஐந்து இருந்தது. ஐந்துக்கு அப்புறமும் ஒன்று இருந்தது. ஒரு குறையாவது கண்டுபிடித்துவிடலாம் என்று தேடினார். ஹேண்டில் அதிரவில்லை. குழியில் இறங்கினால் முதுகுத்தண்டுக்குத் தகவல் போகவில்லை. பீரோவுக்குள் இருந்த காகித வண்டி இதில் கால்வாசிகூட இல்லை. சந்தோஷம் கூடக்கூடப் பொறாமையும் கூடியது. இறங்கும்போது சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு ஒவ்வொரு மைல்கல்லிலும் வந்து முகத்தில் அடித்தது.

"பஞ்சு மெத்தை மாதிரி இருக்குங்க" என்றாள் செங்கமலம், அவர் தோளில் முகவாயை வைத்து. "நம்ம வண்டியில போனா மூணு நாளைக்கி இடுப்பு வலிக்கும்."

"எறங்கிப் புல்லட்டுல வாயேன்" என்று சொல்ல நாக்கு துடித்தது. வேகத்தைக் கூட்டினார். பேரளியில் திரும்பிப் பார்த்தார். புல்லட் ஆஃப் ஆகவில்லை, தடுமாறவும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் நின்ற ஆட்டை நிதானமாக விலக்கிக்கொண்டு, அழகாக வந்துகொண்டிருந்தது. ஓட்டத் தெரிந்தவன்தான். அந்தக் கடுப்பில் இன்னும் முறுக்கினார். புல்லட் ஒரு புள்ளியாகி, அப்புறம் அதுவும் இல்லாமல் போனது. வேப்பமரங்கள் பின்னால் ஓடின. ஏதோ ஒரு ஊரில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் மட்டையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடிவந்து பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது தன்னைத்தான் என்று ஒரு நிமிஷம் நம்பினார். நம்பட்டுமே, ஒரு நிமிஷம்தானே.

அரியலூர் ரயில்வே கேட்டுக்கு முன்னால் ரோடு கருவேலங்காட்டை ஒட்டி ஒரு வளைவு வளைந்து இறங்கும். வளைவு திரும்பும்வரை கேட் திறந்திருக்கிறதா சாத்தியிருக்கிறதா என்று தெரியாது. அவர் திரும்பினார். கேட் சாத்தியிருந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக நின்றன, கடைசி லாரியின் பின்பலகை முகத்துக்கு நேராக வந்தது.

இடது காலை ஓங்கி மிதித்தார். வண்டி கத்தியது. மறுபடி மிதித்தார். இன்னும் பெரிதாகக் கத்தியது. நிற்கவில்லை. பலகையில் எழுதியிருந்த 'ஒலி எழுப்பவும்' எழுத்தெழுத்தாகப் பெரிதானது. "வலது காலு! தம்பி சொன்னாருல்ல, வலது காலு!" என்று செங்கமலம் காதில் அலறினாள். வலது கால் அப்போதுதான் தனக்கும் வேலை இருக்கிறது என்று தெரிந்துகொண்டது. டயர் கீறிக்கொண்டே போய், பலகைக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது.

செங்கமலம் இறங்கி, நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "அந்தப் புள்ள அத்தனை தரம் சொல்லலேன்னா இன்னிக்கு நம்ம கதை என்னாவுறது?" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

வைரக்கண்ணு திரும்பி வளைவைப் பார்த்தார். அடுத்து அந்த வளைவில் வரப்போவது யார் என்று தெரிந்தது. அந்தப் பிள்ளைக்கு யாரும் அத்தனை தரம் சொல்லவில்லை. ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. எந்தக் கால் பிரேக்கு என்று அவனுக்குத் தெரியும், பதறும்போது அவன் காலுக்குத் தெரியாது. கேட்டான், கேட்டும் சொல்லவில்லை.

ஸ்டாண்டு போடக்கூட நிற்காமல் வண்டியைச் செங்கமலத்தின் கையில் சாய்த்துவிட்டு ஓடினார். "ஏங்க, எங்க ஓடுறீங்க?" என்று அவள் பின்னாலிருந்து கத்தினாள். ஏற்றத்தில் ஓடி எத்தனை வருஷமாயிற்று. ஒரு செருப்பு கழன்று போனது. பெட்ரோல் வாசனையும் சுண்ணாம்புத் தூசியும் மூச்சை அடைத்தன. எதிர்ப் பக்கத்தில் ரயில் கூவியது. முருகா, அவன் மெதுவாக வரட்டும், ஒரு தடவை எனக்காக அவன் மெதுவாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓடினார். அரை மணி நேரத்துக்கு முன்னால் அவன் தடுமாற வேண்டும் என்று வேண்டிக்கொண்ட அதே வாய்.

வளைவின் தலைக்கு வந்ததும் புல்லட் தெரிந்தது. மெதுவாக வரவில்லை. நேர் ரோட்டில், மேல் கியரில், தடதடவென்று இறங்கி வந்துகொண்டிருந்தது. முன்னால் போன வண்டியை எட்டிப் பிடிக்கும் ஆசை யாருக்குத்தான் இருக்காது? வைரக்கண்ணு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். அய்யம்பெருமாள் ஒரு கையை எடுத்துப் பதிலுக்கு ஆட்டினான். பின்னாலிருந்து வேம்புவும் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். புது வண்டி பிடித்துப்போய் மாமா ரோட்டில் நின்று ஆடுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

"நிறுத்து" என்று கத்த வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினார். பதறி மிதித்தால் பழகின கால்தான் முந்தும். ஓரமாக ஒதுங்கலாம், ஒதுங்கினால் அவருக்குப் பின்னால் லாரிப் பலகை. இருபது தடவை சொல்ல வேண்டிய பாடத்துக்கு இருபது எண்ணும் நேரம்கூட இல்லை. நடு ரோட்டில் நின்றபடி இடது தொடையில் படாரென்று அடித்தார். "இந்தக் காலு! தம்பி, பிரேக்கு இந்தக் காலு!"

ரயில் சத்தத்தில் வார்த்தை போய்ச் சேரவில்லை. ஆனால் அடித்தது தெரிந்திருக்க வேண்டும். அய்யம்பெருமாளின் முகத்தில் சிரிப்பு நின்றது. அவர் எந்தக் காலைக் காட்டுகிறார் என்று உற்றுப் பார்த்துவிட்டு, குனிந்து தன் வலது காலைப் பார்த்தான்.

அப்போதுதான் வைரக்கண்ணுவுக்கு உறைத்தது. எதிரே நிற்கிற தன்னுடைய இடது, வருகிறவனுக்கு வலது பக்கம். வாய்விட்டுச் சொல்லாததை இப்போது தப்பாகவும் சொல்லிக்கொண்டு நிற்கிறோம்.

சட்டென்று திரும்பினார். வருகிற வண்டிக்கு முதுகைக் காட்டி, அவன் எந்தப் பக்கம் பார்க்கிறானோ அதே பக்கம் பார்த்து, கால்களை அகட்டி நின்றுகொண்டார். இப்போது இடது இடதுதான். செருப்பில்லாத இடது காலைத் தூக்கித் தார் ரோட்டில் ஓங்கி மிதித்தார். "பிரேக்கு!" மறுபடி தூக்கி மிதித்தார். "பிரேக்கு!" கீழே லாரிக்காரர்கள் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சிவப்பு வண்டியைத் தாங்கிக்கொண்டு நின்ற செங்கமலம் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் பாடம் மாறிவிடும். அவர் திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் தன் வண்டியின் தடதடப்பு பெரிதாகிக்கொண்டே வர, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக் கத்தி, இடது காலையே மிதித்துக்கொண்டிருந்தார்.